திறந்த ஜன்னலில் போட்ட பதம்

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. அடையாள அட்டையைத் தவிர வேறு எதுவும் அவளை அந்தப் பேரில் கூப்பிடுவதில்லை. கத்திப் பட்டறைத் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் ஜன்னலக்கா. காலையில் பட்டறைக்குள் கால் வைத்ததும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை "ஜன்னலைச் சாத்து" என்பதுதான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் யாராவது சாத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வார்த்தை காது கொடுத்துக் கேட்கும்படி இருக்காது.

"பட்டப்பகல்ல இருட்டுக்குள்ள உக்காந்து என்னக்கா பண்றீங்க, அடைகாக்குறீங்களா?" என்று வாசலில் நின்று கேலி செய்கிறவர்கள் உண்டு.

"ஆமா, உன் கத்தி பொரியணும்ல? நகராத, வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு அங்கேயே நில்லு" என்பாள்.

ஜன்னல் விஷயத்தில் அவள் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. கத்தி செய்வதில் தட்டுவது அவள் தம்பியின் வேலை. இரும்பைக் காய்ச்சி, அடித்து, நீட்டி, விளிம்பை மெலிதாக்கி, பார்க்கிறவன் "அடடா" என்று சொல்லும்படி உருவத்தைக் கொண்டுவந்துவிடுவான். அதோடு கத்தி ஆகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது கத்தி இல்லை. கத்தியின் உருவத்தில் இருக்கிற தகடு. ஒரு தேங்காயை வெட்டினால் வாய் மடங்கிப் போகும். அதைத் திரும்ப உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, சரியான நேரத்தில் எடுத்து, எண்ணெயில் தோய்த்தால்தான் இறுகும். இறுகியதை அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி லேசாகச் சூடு காட்டி, இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பதம். பதம் போடுவது ஜன்னலக்காவின் வேலை.

சரியான நேரம் எது என்பதை இரும்பின் நிறம்தான் சொல்லும். அந்த நிறம் இருட்டில் ஒரு மாதிரி தெரியும், வெயிலில் வேறு மாதிரி தெரியும். வெளிச்சத்தில் பார்க்கிறவனுக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தோன்றும். இன்னும் காயவில்லை போல என்று விட்டு வைப்பான். அதற்குள் உள்ளே இரும்பு வெந்து கெட்டுப் போயிருக்கும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அதனால்தான் ஜன்னல். கண்ணை மட்டும் நம்பாமல் ஒரு காந்தத்தையும் பக்கத்திலேயே வைத்திருப்பாள், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. காய்ந்த இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகிற இடம் ஒன்று வரும். அதற்குப் பிறகு ஒரு பொட்டுச் சூடு, அவ்வளவுதான். எடுத்து, நுனி கீழே பார்க்க, கை ஆடாமல் நேராக எண்ணெயில் இறக்குவாள். அந்த நேரத்தில் யாராவது தும்மினால்கூட முறைப்பாள்.

இந்த வேலைக்கு யாரும் அவளைத் தேர்ந்தெடுத்து உட்கார வைக்கவில்லை. தம்பிக்கு ஓர் இடத்தில் நிற்க வராது. உலையில் இரும்பை வைத்துவிட்டு வாசலில் போகிறவனோடு அரட்டைக்குப் போய்விடுவான். வெந்து வீணாகிறதே என்று வயிறு எரிந்து இவள் போய் எடுத்தாள். எடுத்தவள் எடுத்தவள்தான். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும் விடவில்லை. வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். விடிந்ததும் அவர் ஒரு பக்கம் கிளம்பினால் இவள் இன்னொரு பக்கம். "எங்க வீட்ல என் பேச்சு எடுபடாதுப்பா, காந்தம் சொன்னாத்தான் கேப்பா" என்று அவர் டிப்போவில் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அது ரசித்து வருகிற கோபம்.

நிஜமான கோபம் வந்த கதை வேறு.

பட்டறையில் வியாபாரம் நன்றாகவே நடந்தது. தம்பி மனைவி கெட்டிக்காரி. யார் எந்தக் கத்தி கேட்டார்கள், யாருக்கு எப்போது தர வேண்டும் என்பதெல்லாம் அவள் போனில்தான். பட்டறையின் படங்களைப் போனில் போட்டு நாலு பேர் பார்க்கும்படி செய்தவளும் அவள்தான். அதைப் பார்த்துவிட்டு, கைவேலை செய்கிறவர்களைப் படம் எடுக்கிற ஒருவர், வந்து எடுக்கட்டுமா என்று கேட்டார். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை வாங்கினான். உலைக்கு முன்னால் நிற்கப் புதுச் சட்டை!

மீன் சந்தைக் கடைக்காரர்கள் மொத்தமாகக் கேட்ட கத்திகள் பதத்துக்குக் காத்திருந்த நேரம் அது. படம் எடுக்க வந்த அன்றைக்கு ஜன்னலக்கா பட்டறையில் இல்லை. கடைவாய்ப் பல் ஒன்று அவளைப் பாடாய்ப் படுத்தி, பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு, கன்னம் பன்னாக வீங்கி வீட்டில் சுருண்டு கிடந்தாள். வீக்கம் இறங்குவதற்குள் வீட்டுக்காரர் தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு, உன் தம்பி பெரிய ஆளாயிட்டான்."

பார்த்தாள். ஜன்னல் ஆவென்று திறந்து கிடந்தது. கதவும் திறந்து கிடந்தது. வெயில் பட்டறைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் புதுச் சட்டையோடு தம்பி. குறட்டில் பிடித்த கத்தியைப் படம் எடுக்கிறவர் பக்கம் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் முக்கினான். எண்ணெயில் இல்லை, தண்ணீரில். புஸ்ஸென்று ஆவி எழும்பி அவன் முகத்தை மறைத்தது. ஆவி விலகியதும் ஒரு சிரிப்பு. பின்னால் ஏதோ சங்கீதம்.

அவர்கள் வாங்குகிற இரும்பு எண்ணெயில் தோய்க்கிற இரும்பு. தண்ணீரில் போட்டால் திடீரென்று குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே விரிசல் விடும். இது தம்பிக்குத் தெரியாததா? அந்தப் பட்டறையிலேயே தவழ்ந்தவன் அவன்.

வீங்கிய கன்னத்தோடு, வாயில் பஞ்சோடு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பட்டறைக்குப் போனாள்.

"என்னடா இது? யாரைக் கேட்டுத் தண்ணில போட்ட? உள்ளுக்குள்ள விரிசல் விட்டு உடையாதா?"

"அக்கா, அக்கா, கத்தாத. அது படத்துக்கு. எண்ணெயில போட்டா ஆவி வராது, கருப்புப் புகைதான் வரும், நல்லா இருக்காதுன்னார் அவர்."

"ஜன்னல்?"

"வெளிச்சம் இல்லாம எப்படிக்கா படம் எடுப்பாங்க? ஒரே ஒரு கத்தி. அதையும் தூக்கிப் போட்டுட்டேன். மீன் சந்தை ஆர்டர் எல்லாம் அவங்க போனப்புறம் நம்ம முறைப்படி சாத்திட்டுத்தான் போட்டேன். நீ போய்ப் படு."

அவனுக்கு வியர்த்திருந்தது. உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு வியர்க்காமல் என்ன செய்யும்? நம்பிவிட்டாள். கூடப் பிறந்தவன், கத்தி விஷயத்தில் பொய் சொல்வான் என்று எந்த அக்காவுக்குத் தோன்றும்? மீன் சந்தைக் கத்திகள் அதற்குள் பிடி போட்டு, தீட்டி, ஒவ்வொருவர் கைக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. எடுத்துப் பார்க்க அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

பிறகு கொஞ்ச நாள் தெருவே தம்பியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "நீங்கதானே அந்த ஆவி வர்ற வீடியோல?" என்று கேட்டார்கள். கத்தி வாங்க வந்தவர்கள் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பதம் போடுகிறவள் மூலையில் இருட்டில் உட்கார்ந்து ஜன்னலைச் சாத்தச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. பேர் அவனுக்குப் போனால் போகட்டும், கத்தி ஒழுங்காக இருந்தால் சரி.

ஒரு நாள் காலையில் மீன்கடைக்காரர் வந்தார். அப்பா காலத்திலிருந்து அந்தப் பட்டறைக் கத்தியைத் தவிர வேறு கத்தியைத் தொடாதவர். இடது கை மணிக்கட்டுவரை வெள்ளைத் துணி சுற்றி, கழுத்திலிருந்து தொங்கியது. வலது கையில் ஒரு காகிதப் பொட்டலம். அதை அவளுக்கு முன்னால் வைத்தார். உள்ளே பிடியோடு பாதிக் கத்தி, பிடி இல்லாமல் பாதிக் கத்தி.

"பெரிய மீன் ஒண்ணு, நடு முள்ளுல ஒரு வெட்டு போட்டேன். பாதி கையில இருக்கு, பாதி மேல எழும்பி இந்தக் கையில இறங்கிடுச்சு. கட்டைவிரல் நரம்பு போச்சுன்னு சொல்றாங்க. தையல் போட்டிருக்கு. மடங்குமா மடங்காதான்னு ஆறினப்புறம்தான் தெரியுமாம்."

ஜன்னலக்கா ஒரு துண்டை எடுத்து, உடைந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தாள். நல்ல பதம் போட்ட இரும்பு உடைந்தால் உள்ளே மாவு மாதிரி மென்மையாக, சாம்பல் நிறமாக இருக்கும். இது சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல மினுமினுவென்று மணி மணியாக இருந்தது. வெந்து கெட்ட இரும்பு. விளிம்பிலிருந்து உள்ளே ஓடியிருந்த கருப்புக் கோடு பழைய விரிசல். தண்ணீர் விரிசல்.

"உன்னை நம்பித்தானேம்மா வாங்குறேன்" என்றார் மீன்கடைக்காரர். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றான். இப்போது சொல்வான், இதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்தாள்.

"தட்டுறது மட்டும்தாண்ணே நான்" என்றான் தம்பி. "பதம் எப்பவும் அக்காதான். பல்லு வலியில இருந்துச்சு பாவம், அதுல ஏதோ கை தவறியிருக்கும்."

நாக்கில் நரம்பில்லாமல் சொன்னான். அதுவும் 'பாவம்' என்று சேர்த்துச் சொன்னான்! அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. வாயைத் திறந்தாள். ஆனால் அடிபட்டு நிற்கிற மனுஷனுக்கு முன்னால் அக்காவும் தம்பியும் நீயா நானா என்று கட்டிப் புரள்வதா? அவர் வலியில் நிற்கிறார். "அண்ணே, நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க. நான் வர்றேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். தெரு முனை தாண்டிப் போகிறவரை பொறுத்திருந்துவிட்டுத் திரும்பினாள்.

"எத்தனை கத்திடா?"

"என்னது?"

"படம் எடுத்தப்ப தண்ணில போட்டது எத்தனைன்னு கேட்டேன். ஒண்ணுன்னு சொன்ன இல்ல? அந்த ஒண்ணையும் தூக்கிப் போட்டேன்னு சொன்ன. அப்ப இது எங்கிருந்து வந்துச்சு?"

அவன் மென்று முழுங்கினான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. படம் எடுக்கிறவர் இன்னொரு தடவை என்றாராம். ஆவி சரியாக வரவில்லை, இன்னொரு தடவை. முகம் தெரியவில்லை, இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கத்தி. மீன் சந்தை ஆர்டர் முழுக்க அந்த வாளிக்குள்ளேதான் போயிற்றாம்.

"அப்ப அந்தச் சந்தையில எல்லார் கையிலயும் இதே கத்திதான் இருக்கா? கிளம்புடா. இப்பவே போய் எல்லாத்தையும் திரும்ப வாங்கணும்."

"உனக்கென்ன பைத்தியமா? திரும்ப வாங்கினா என்ன அர்த்தம்? நாமளே தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இப்பத்தான் நாலு ஊர்ல பேர் தெரிஞ்சிருக்கு. எல்லாக் கத்தியும் உடையும்னு உனக்கு யார் சொன்னா? ஒண்ணு உடைஞ்சா எல்லாம் உடைஞ்சிடுமா?"

"உடையாதுன்னு நீ சொல்லுவியா?"

"சொல்லுவேன். ஒண்ணும் ஆகாது. நீதான் சும்மா பெருசு பண்ற."

அவனோடு பேசிப் பிரயோஜனமில்லை. எந்தெந்தக் கடைக்கு எந்தக் கத்தி போயிற்று என்பது தம்பி மனைவியின் போனில் இருக்கும். பட்டறைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. இடையில் ஒரு முற்றம்தான். ஜன்னலக்கா விடுவிடுவென்று போனாள். "அக்கா, அவளை இதுல இழுக்காத" என்று சொல்லிக்கொண்டே தம்பியும் பின்னால் ஓடி வந்தான்.

தம்பி மனைவி சமையலறையில் பூசணிக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தேய்ந்து பாதியாகிப் போன ஒரு பழைய கத்தியைச் செருகிவிட்டு, அது இறங்கவும் மாட்டாமல் வரவும் மாட்டாமல் கிடக்க, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. நீங்களே இந்த நியாயத்தைக் கேளுங்க" என்றாள், வந்தவள் முகத்தைப் பார்க்காமலே. "ஊருக்கெல்லாம் கத்தி, எனக்கு மட்டும் இந்த மொக்கை. மீன் சந்தைக்குப் போட்டப்ப எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடுத்தாரு, எவ்வளவு நல்லா வெட்டுச்சு தெரியுமா? அதையும் பிடுங்கிட்டுப் போயிட்டாரு."

"பிடுங்கிட்டுப் போயிட்டானா? எப்ப?"

"நீங்க வீங்கின கன்னத்தோட வந்து சத்தம் போட்டுட்டுப் போனீங்களே, அன்னைக்குச் சாயங்காலமே. வேற நல்லதா தர்றேன், இதை இனிமே தொடாதன்னு சொன்னாரு. வேறயும் வரல, அதுவும் வரல."

வாசலில் வந்து நின்ற தம்பி அப்படியே நின்றான்.

ஜன்னலக்கா அதுவரை அவனை வெறும் பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைத்திருந்தாள். பேருக்கு ஆசைப்பட்டுவிட்டான், மாட்டிக்கொண்டதும் பழியை அவள் தலையில் கட்டிவிட்டான், நம்ம தம்பிதானே என்று எங்கோ ஒரு மூலையில் மன்னிப்புக்கூட வைத்திருந்தாள். அந்த மூலை இப்போது காலியாகிவிட்டது. அன்றைக்கே இவனுக்குத் தெரியும். அவள் சொன்னதை அன்றைக்கே இவன் நம்பியிருக்கிறான். நம்பி, தன் பெண்டாட்டி கையிலிருந்து கத்தியை வாங்கி ஒளித்துவிட்டு, மற்றவர்கள் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டான். அதற்குப் பிறகு எத்தனை நாள் மீன்கடைக்காரர் அந்தக் கத்தியால் வெட்டியிருப்பார்! ஒவ்வொரு நாளும் இவனும் சம்மட்டி அடித்தான், சாப்பிட்டான், வருகிறவர்களோடு பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டான்.

"ஒண்ணும் ஆகாதுன்னியேடா" என்றாள்.

"என்ன அண்ணி? என்ன ஆச்சு?" என்றாள் தம்பி மனைவி.

உடைந்த கத்தியிலிருந்து தையல் போட்ட கைவரை ஜன்னலக்கா சொன்னாள். தம்பி இடையில் ஒரு தரம் "அப்படி இல்ல" என்றான். தம்பி மனைவி பூசணிக்காயை ஒதுக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். படங்களைப் போட்டு அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அதே போன்.

"என் கைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சிருக்கு. அவங்க கைக்கு மட்டும் ஆகுமா?" என்று புருஷனைக் கேட்டாள். முதல் எண்ணை அழுத்தினாள். "அண்ணே, பட்டறையிலிருந்து பேசுறேன். புதுக் கத்தியைத் தொடாதீங்க, உடையும். ஆமா, இப்பவே கீழ வைங்க. யார் பதம் போட்டதா? இருங்க, போட்டவரே பேசுவாரு." போனைத் தம்பியிடம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. அவள் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. கடைசியில் வாங்கினான். "நான்தாண்ணே போட்டேன்" என்றான், காற்றுதான் வந்தது. "சத்தமா" என்றாள் அவள். சத்தமாகச் சொன்னான். அடுத்த எண், அதற்கடுத்த எண். ஒருவரையும் விடாமல், ஒவ்வொருவரிடமும் அவனையே சொல்ல வைத்தாள். ஜன்னலக்கா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாருக்கும் காயமில்லை என்று தெரிந்தபோதுகூட அவளுக்கு மனசு ஆறவில்லை.

எல்லோரும் முடிந்து மீன்கடைக்காரரின் எண் வந்தபோது ஜன்னலக்கா போனைக் கையால் மறைத்தாள்.

"இது போன்ல சொல்றது இல்ல. நட."

மீன்கடைக்காரர் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கவில்லை. கடையில்தான் இருந்தார். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நல்ல கையால் மீன் மேல் ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வெட்டித் தருவதற்குப் பக்கத்துக் கடைக்காரர் வந்துபோய்க்கொண்டிருந்தார். போனில் கேட்டவர்கள் எல்லோரும் அங்கங்கே கடையில் நின்று தம்பியைப் பார்த்தார்கள். ஒருவரும் வீடியோவைப் பற்றிக் கேட்கவில்லை.

"அண்ணே, அக்கா போட்ட பதம் இல்லண்ணே அது. நான் போட்டது. படம் எடுக்கணும்னு வெளிச்சத்துல வெச்சு, தண்ணில போட்டேன். பழியை அக்கா மேல போட்டேன்."

"மிச்சத்தையும் சொல்லு" என்றாள் ஜன்னலக்கா.

"மிச்சம் என்னக்கா?"

"வீட்ல இருந்த கத்தியை என்ன பண்ணினன்னு சொல்லு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. மீன்கடைக்காரர் ஐஸ் அள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறான், காறித் துப்பட்டும், அந்த ஐஸை அள்ளி மூஞ்சியில் அடிக்கட்டும் என்று ஜன்னலக்கா காத்திருந்தாள். அவர் அடித்தால் தடுக்கக்கூடாது என்று முடிவுகூடச் செய்திருந்தாள்.

மீன்கடைக்காரர் துணி சுற்றிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"உன் வீட்டுக்காரி கை நல்லா இருக்காப்பா?"

"நல்லா இருக்குண்ணே."

"சரிப்பா" என்றார் அவர். திரும்பவும் ஐஸை அள்ளத் தொடங்கினார்.

தம்பி நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டான், மீன் தண்ணீர் ஓடுகிற அந்த ஈரத் தரையிலேயே. ஜன்னலக்கா அவனைத் தூக்கிவிடவில்லை. அவளுக்கு இப்போது மீன்கடைக்காரர் மேலும் கோபம் வந்தது. நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாமே மனுஷன், திட்டியிருந்தால் நாங்களும் பதிலுக்கு அழுதிருப்போமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.